மண்ணுக்குள் தாழி, தாழிக்குள் திராட்சை: ககேத்தியில் ஒரு கம்பத்து விவசாயி

கம்பம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. அப்பா போட்ட கல்தூண் பந்தல். மகள் ஜார்ஜியாவில், திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள். போன செப்டம்பர் கடைசியில் அவளைப் பார்க்கக் கொச்சியிலிருந்து ஷார்ஜா வழியாகப் போனேன். போய் இறங்கியதும் அவள் சொன்ன முதல் விஷயம்: "அப்பா, இப்போ இங்கே ருத்வேலி. திராட்சை அறுப்பு. நீங்க இதைப் பார்க்காமப் போகக்கூடாது."

ககேத்தி என்பது ஜார்ஜியாவின் கிழக்கே உள்ள திராட்சைப் பகுதி. ஒயின் பார்க்கவும் சுவைக்கவும் அங்கே போகிற நம் ஊர்க்காரர்கள் இப்போது அதிகம். பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர்கள் பலரும் ஒரு நாள் அங்கே போய்வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. மூன்று இடங்களில் ஒவ்வொரு மடக்கு சுவைத்தேன், அவ்வளவுதான். ஆகவே எந்த ஒயின் உசத்தி என்று இதில் தேட வேண்டாம். திராட்சையை எப்படி வைத்திருக்கிறார்கள், தங்கள் பழைய வழக்கத்தை வருகிறவர்களுக்கு எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதல் நாள் போனது ஒரு சுற்றுலா வேனில். ஆளுக்கு 90 லாரி. ஒரு லாரி நம் காசில் முப்பது ரூபாய்ச் சொச்சம். அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இதே மாதிரி நிறையப் பேர் நடத்துகிறார்கள். காலை ஒன்பதுக்கு ஏற்றி, இரவு எட்டுக்கு இறக்கிவிடுவதற்குள் ஆறு இடம். ஒயின் பாரம்பரியம் என்று எங்களை நிறுத்திய இடம் ரோட்டோரத்தில் ஒரு பெரிய கூடம். சிமெண்ட் தரையில் வட்ட வட்டமாகப் பதினைந்து வாய்கள், ஒயின் செய்ய மண்ணில் புதைத்த தாழிகளுடையவை. எட்டிப் பார்த்தால் ஒன்றிலும் திராட்சை இல்லை. ஒன்றின் அடியில் சில்லறைக் காசு கிடந்தது, வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது. இருபது நிமிடம், நான்கு சின்னக் கிண்ணம், அப்புறம் கடை. அறுப்புக் காலத்தில், ஊரே லாரி லாரியாகத் திராட்சை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, காலித் தாழியைக் காட்டி அனுப்பியதில் எனக்கு மனசு ஆறவேயில்லை.

வழிகாட்டிப் பையன் இன்னொன்றும் சொன்னான்: இந்தத் தாழிகள் 8000 வருடப் பழமையானவை என்று. அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலவேரிஸ் கோரா என்று இரண்டு மண்மேடுகள் உண்டு. அங்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளில் ஒயின் ஊறிய தடம் இருப்பதாக 2017இல் ஆய்வு வெளியானது. காலம் கி.மு. 6000 ஒட்டி. ஓட்டுக்குள் அவர்கள் தேடிப் பிடித்தது டார்டாரிக் அமிலத்தை. நம் புளிக்குப் புளிப்பு கொடுப்பதும் அதே அமிலம்தான். ஆக, 8000 வருடம் என்பது ஒயினுக்கு. கழுத்துவரை மண்ணில் புதைக்கிற இந்தப் பெரிய தாழி அதற்கு வெகுகாலம் பிந்தி வந்தது. உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அன்று பார்த்ததில் மனதில் நின்றது சினந்தாலி. அலெக்சாண்டர் சாவ்சவாட்ஸே என்கிற கவிஞரும் படைத்தளபதியுமான பிரபுவின் மாளிகை. ஜார்ஜியாவில் ஐரோப்பிய முறையில் ஒயின் செய்து பாட்டிலில் அடைத்தது இங்கேதான் தொடங்கியது என்கிறார்கள். நிலவறையில் 16,000க்கும் மேற்பட்ட பாட்டில்கள் தூசியோடு அப்படியே இருக்கின்றன, சபெராவி என்ற கறுப்புத் திராட்சையில் செய்த 1841ஆம் ஆண்டு ஒயின் உட்பட. தோட்டம் அருமை. பெரிய பெரிய மரங்கள், நிழல், உட்கார இடம். வயதானவர்களைக் கூட்டிப்போக ஏற்ற இடம். அது ஒரு பிரபு குடும்பத்தின் கதை, அந்த அளவில் சுத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது குடியானவன் வீட்டுக் கதை.

அதனால் மூன்றாம் நாள் நானும் மகளும் மட்டும் கிளம்பினோம். மர்ஷ்ருட்கா என்கிற ஷேர் வேனில் ககேத்தியின் தலைநகரான தெலாவி, அங்கிருந்து டாக்ஸி. கொம்போரி மலைப்பாதை 1600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. வளைவுகள் நம் குமுளி ரோட்டை ஞாபகப்படுத்தும். இறங்கியதும் அலசானி ஆற்றுச் சமவெளி. அந்தப் பக்கம் காகசஸ் மலை சுவர் எடுத்தது மாதிரி நிற்கிறது, உச்சியில் பனி. இந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை திராட்சை. மேகமலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி ரொம்ப நெருக்கமாக இருந்தது.

நபரெயூலி என்கிற ஊரில் இரட்டையர் ஒயின் இல்லம் இருக்கிறது. ட்வின்ஸ் என்று சொன்னால் டாக்ஸிக்காரர்களுக்குத் தெரியும். தாழியைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் இங்கே போங்கள். முற்றத்தில் கட்டிடம் அளவுக்கு ஒரு தாழி நிறுத்தியிருக்கிறார்கள், அதற்குள்ளேயே நுழைந்து நிற்கலாம். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். எனக்கு அதைவிடப் பிடித்தது, தாழி செய்வதிலிருந்து புதைப்பதுவரை வரிசையாக விளக்கிய அருங்காட்சியகப் பகுதி.

தாழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் க்வெவ்ரி. முட்டை வடிவம், கீழே கூம்பி முடியும். சக்கரத்தில் வனைவதில்லை. களிமண்ணைக் கயிறு மாதிரித் திரித்து, ஒரு நாளைக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று கையால் ஏற்றி, அது காய்ந்து இறுகிய பிறகு அடுத்த சுற்று. ஆள் உயரத் தாழி எழும்ப மாதக்கணக்கில் ஆகும். சூளையில் ஒரு வாரம் போல வேகும். சூடு ஆறுவதற்குள் உள்பக்கம் தேன்மெழுகைத் தடவுவார்கள். மெழுகு உருகி மண்ணின் துளைகளுக்குள் இறங்கிவிடும். வெளிப்பக்கம் சுண்ணாம்பு. இதைச் செய்யத் தெரிந்த குடும்பங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான். தெலாவிக்குப் பக்கத்திலேயே வர்திசுபானி என்ற ஊரில் இன்னும் செய்கிறார்கள். எங்கள் அம்மா வீட்டில் நெல் கொட்டிவைத்த குலுக்கை எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. அதைச் செய்துதர இன்று எங்கள் பக்கம் ஆளில்லை.

ஏன் முட்டை வடிவம் என்று கேட்டேன். சொன்ன காரணம் மிக அழகு. ககேத்தி வழக்கப்படி சாற்றை மட்டும் ஊற்றுவதில்லை. தோல், விதை, பழுத்த காம்பு எல்லாம் சேர்த்து உள்ளே போகும். நொதித்து அடங்கியதும் கனமான விதை முதலில் கீழே இறங்கி அந்தக் கூம்பு முனையில் குவியும். அதன்மேல் தோல் படிந்து மூடிவிடும். விதையின் கசப்பு மேலே வராது. மேலே நிற்கிற சாறு ஐந்தாறு மாதம் மண்ணின் குளிர்ச்சியில் தானாகத் தெளியும். வெள்ளைத் திராட்சையாக இருந்தாலும் தோலோடு கிடப்பதால் நிறம் தேன் மாதிரி, காய்ச்சிய நெய் மாதிரி வந்துவிடும். 2013இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த முறையைத்தான்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு மதியம் நாங்கள் போன இடம்தான் இந்தப் பயணத்தின் உயிர். பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பத்தின் மரானி. மரானி என்றால் தாழிகள் புதைத்த அறை. மகளோடு படிக்கும் ஜார்ஜியப் பெண்ணின் உறவுக்காரர்கள். கடை இல்லை, பலகை இல்லை. இரண்டு அறையை விருந்தாளிகளுக்கு விடுகிறார்கள், கேட்டால் மரானியைக் காட்டுகிறார்கள். இப்படிப்பட்ட வீடுகள் அந்தப் பக்கம் ஊருக்கு நாலைந்து உண்டு, தெலாவியில் தங்குமிடத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

நாங்கள் போனபோது வீட்டுப் பெரியவர் ஒரு தாழியின் வாயருகே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன், ஒரு இளைஞன் தாழிக்குள் நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறான். அவர் பேரன். கையில் செர்ரி மரப்பட்டையை அடுக்கி அடுக்கிக் கட்டிய ஒரு தட்டையான பிரஷ். சார்ட்ஸ்கி என்று பெயர். சின்னத் தாழியென்றால் நீளக் கம்பில் கட்டி மேலிருந்தே தேய்ப்பார்கள், பெரியது என்றால் ஆள் இறங்க வேண்டும். பெரியவர் தண்ணீர் ஊற்ற, பையன் தேய்த்து, அடியில் சேர்ந்ததை வாளியில் மொண்டு தர, இவர் வாங்கிக் கொட்ட. மறுபடியும் தண்ணீர். நான் நின்ற ஒரு மணி நேரத்தில் ஏழு முறை எண்ணினேன். ஒவ்வொரு வாளியையும் பெரியவர் வெளிச்சத்துக்கு நகர்த்திப் பார்த்தார். ஏழாவது வாளித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி முகர்ந்தார், நாக்கில் வைத்தார், தலையாட்டினார். அதற்கு அப்புறம்தான் பையன் வெளியே வந்தான், தலையெல்லாம் நனைந்து.

"ஒயினை நாங்க செய்யறதில்லை, அது தானா ஆகும். தாழியைக் கழுவுறதுதான் எங்க வேலை" என்று அவர் சொன்னதாக மகள் தமிழில் சொன்னாள். மருந்து அடிப்பதில் முக்கால்வாசி, டேங்க்கைக் கழுவி வைப்பதுதான் என்று அப்பா எனக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது.

அடுத்து, மூன்று நாள் முன்பு நிரப்பிய தாழி. பக்கத்தில் போகும் முன் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் தாழியின் வாயருகே தாழப் பிடித்தார். நொதிக்கும்போது வருகிற வாயு கீழே தங்கும், சுடர் அணைந்தால் ஆள் கிட்டே போகக்கூடாது. சுடர் ஆடியதே தவிர அணையவில்லை. கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு என்னைக் குனியச் சொன்னார். உலையில் அரிசி கொதிக்கிற சத்தம். உள்ளே தோலும் காம்பும் மேலே எழும்பித் தடிமனாக ஏடு கட்டியிருந்தது. நீண்ட கட்டையை என் கையில் கொடுத்து அதை உள்ளே அழுத்தச் சொன்னார். முதலில் இறங்கவே இல்லை, அப்புறம் பொதுக்கென்று இறங்கியது. அந்த ஓட்டையிலிருந்து பழவாசனையும் புளித்த மாவு வாசனையும் சேர்ந்து ஒரு மூச்சாக முகத்தில் அடித்தது. அழுத்தாமல் விட்டால் மேலே உள்ளது காய்ந்து புளித்துவிடும், ஆகவே பகலிலும் இரவிலுமாக ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இந்த வேலை. வீட்டில் அலாரம் வைத்து எழுந்திருக்கிறார்கள்.

தோட்டத்துக்கும் போனோம். அவர்களுக்குப் பந்தல் இல்லை, இடுப்புயரக் கம்பிவேலியில் வரிசை வரிசையாக. வருடத்துக்கு ஒரே அறுப்பு, குளிர்காலத்தில் கொடி மொட்டையாகத் தூங்கும். எங்கள் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு தோட்டத்தில் ஆண்டு முழுக்க அறுவடை நடக்கிறது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. மகள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. போனில் பந்தல் படத்தைக் காட்டினேன், கவாத்து பண்ணிய படம், கொத்து தொங்குகிற படம். தலைக்கு மேலே திராட்சையா என்று வீட்டம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவர் ஒரு சபெராவிப் பழத்தைப் பறித்து என் விரலில் நசுக்கினார். சாறு ரத்தச் சிவப்பு. எங்கள் பன்னீர் திராட்சைக்குத் தோல்தான் கறுப்பு, உள்ளே சதை வெளிறியிருக்கும். உலகத்தில் பெரும்பாலான கறுப்புத் திராட்சை அப்படித்தான். இதற்குச் சதையிலேயே நிறம். சபெராவி என்ற பெயருக்குப் பொருளே சாயம். நகக்கண்ணில் ஏறிய அந்தச் சாயம் இரண்டு நாள் போகவில்லை. ரகட்சிதெலி என்ற வெள்ளை ரகத்தின் கொடியையும் காட்டினார். முதிர்ந்த தண்டு செம்பழுப்பாக இருக்கிறது. சிவப்புக் கொடி என்பதுதான் அந்தப் பெயர். 500க்கும் மேற்பட்ட சொந்த ரகங்கள் கொண்ட நாடு அது. சோவியத் காலத்தில் ஆலைகளுக்கு விளைச்சலே முக்கியம் என்று சில ரகங்கள் மட்டும் எங்கும் பரவின. மற்றவை வீட்டுத் தோட்டங்களின் ஓரத்தில் தப்பிப் பிழைத்தன. தாழியும் அப்படித்தான். ஆலைகள் அதை ஒதுக்கின, வீடுகள் விடவில்லை. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினைத் தடை செய்தபோது, அதற்குமேல் யாருக்கு விற்பது என்று திணறியவர்கள் மறுபடி தாழியின் பக்கம் திரும்பியதைப் பெரியவர் விரிவாகச் சொன்னார். அவர் வீட்டின் நான்கு தாழிகளில் இரண்டு அவருடைய தாத்தா புதைத்தவை. விலைபேச ஆள் வந்தார்களாம். தோண்டினால் உடைந்துவிடும், அது போகட்டும், தோண்டிய குழியை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று கேட்டாராம்.

சாப்பாடு வீட்டுக்குள்ளேயே. சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம், எந்தச் சிரமமும் இல்லை. அக்ரூட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், மண்சட்டியில் வெந்த ராஜ்மா, மக்காச்சோள ரொட்டி, மண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட நீள ரொட்டி. அக்ரூட்டை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி முக்கிக் காயவைத்த சுர்ச்சுகேலா. ரோட்டோரக் கடைகளில் மெழுகுவர்த்தி போலத் தொங்குவது இதுதான். கடையில் வாங்கியது ரப்பராக இழுத்தது. இந்த வீட்டில் அன்று காலை முக்கியதைக் கடித்தால் இளகிய பதனிப் பாகு மாதிரி.

அவர்களுடைய விருந்தில் சும்மா எடுத்துக் குடிப்பதில்லை. ஒருவர் எழுந்து ஒரு காரணம் சொல்ல வேண்டும். இறந்தவர்களை நினைத்து ஒன்று கட்டாயம் உண்டு. பெரியவர் தன் தாத்தாவைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, உங்கள் தோட்டத்தை யார் நட்டது என்று கேட்டார். அப்பா என்றேன், பெயரைச் சொன்னேன். அந்த மேஜையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று அப்பாவின் பெயரை ஒருமுறை சொன்னார்கள். என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. நான் சுவைத்த மூன்றாவது மடக்கு அது. முதலில் துவர்ப்பு, கடும் தேயிலை மாதிரி, அப்புறம் உலர்ந்த பழவாசனை. இனிப்பு இல்லை. இனிப்பை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் இரண்டு வாரமும்தான் சரியான நேரம். ஒரு நாள் சுற்றுலா வேண்டாம், தெலாவியில் ஒரு இரவு தங்குங்கள். போகும் இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள்: தாழியில் திராட்சை இருக்கிறதா, கழுவுவதைப் பார்க்கலாமா. இரண்டுக்கும் ஆமாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கிராமத்து வீடுகளில் ஆங்கிலம் செல்லாது, படிக்கிற பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அலாவெர்தி தேவாலயமும் அந்தப் பக்கம்தான். பதினோராம் நூற்றாண்டுக் கட்டிடம், துறவிகள் இன்றும் தாழியில் ஒயின் செய்கிறார்கள், பாட்டிலில் 1011 முதல் என்று போட்டிருக்கிறது. பெண்கள் தலைக்குத் துணி கொண்டுபோக வேண்டும்.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கும் மரானியைக் காட்டியதற்கும் இருவருக்கும் சேர்த்து 140 லாரி கேட்டார்கள். கொடுத்தேன், நிறைவாகக் கொடுத்தேன். கிளம்பும்போது பெரியவர் அந்தச் செர்ரிப்பட்டைப் பிரஷில் தேய்ந்துபோன பழையது ஒன்றைத் துடைத்துத் தந்தார். இப்போது எங்கள் பம்ப்செட் அறையில் தொங்குகிறது.

நான் நிறைய நேரம் குனிந்து நின்ற அந்தத் தாழியை ஏப்ரலில் திறப்பார்களாம். அதுவரை கல்மூடி போட்டு, களிமண்ணால் பூசி, மேலே மண் தள்ளிவிடுவார்கள். மகளுக்கு அப்போது பரீட்சை இல்லை. போய் நின்று வீடியோ கால் போடச் சொல்லியிருக்கிறேன்.